தகுதிச் சுற்றுக்கும் ஒரு பட்டியல் போடுங்கள்

பள்ளத்தூர்,
22 டிசம்பர் 2025

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 71. இதற்கு முன் தங்களுக்கு ஒரே ஒரு கடிதம்தான் எழுதியிருக்கிறேன். ஞாயிறு இணைப்பின் குறுக்கெழுத்துப் போட்டியில் ஒரு கட்டம் குறைந்திருந்ததைப் பற்றி. அதை நீங்கள் பிரசுரிக்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் கட்டம் சரியாக இருந்தது. அந்த நம்பிக்கையில் இதையும் எழுதுகிறேன்.

டிசம்பர் 1, திங்கட்கிழமை இதழ். விளையாட்டுப் பக்கத்தின் கீழ் வலது மூலையில், நகைக்கடை விளம்பரத்தின் தலையில் ஒட்டினாற்போல், ஏழு வரிச் செய்தி ஒன்று. 17 வயதுக்கு உட்பட்டோருக்கான ஆசியக் கோப்பைக் கால்பந்துக்கு இந்தியா தகுதி பெற்றது. ஈரானை 2-1 என்ற கணக்கில் வென்றது. அவ்வளவுதான். ஆட்டம் எந்த ஊரில் நடந்தது, குழுவில் வேறு யார் இருந்தார்கள், நம் பையன்கள் மொத்தம் எத்தனை ஆட்டம் ஆடி எத்தனை புள்ளி எடுத்தார்கள், தகுதி பெற்று இனி எங்கே போகப் போகிறார்கள், ஒன்றும் இல்லை. கோல் போட்ட பையனின் பெயர் ஏழு வரிக்குள் இரண்டு விதமாக அச்சாகியிருந்தது.

அன்றைய முதல் பக்கத்தைக் குறை சொல்ல வரவில்லை. முந்தைய நாள்தான் எங்கள் மாவட்டத்தில், திருப்பத்தூர் பக்கம், அந்தப் பேருந்து விபத்து. டித்வா புயல் வேறு. அந்த இதழைக் கையில் எடுக்கவே மனம் வரவில்லை. என் மனக்குறை கடைசிக்கு முந்தைய பக்கத்தோடு சரி.

பேரன் வயதுப் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்தில் ஓர் ஆச்சிக்கு என்ன அக்கறை என்று தோன்றலாம். ஆட்டத்தின் நுணுக்கம் எனக்குத் தெரியாது. ஆஃப்சைடு என்றால் என்ன என்று பேரன் மூன்று முறை தீப்பெட்டிகளை அடுக்கி விளக்கினான். நான்காம் முறை கேட்க வெட்கமாக இருந்ததால் தலையாட்டிவிட்டேன். ஆனால் கணக்கு எனக்குத் தெரியும். எங்கள் ஐயா ரங்கூனில் மொகல் தெருக் கடை ஒன்றில் மேலாளாக இருந்தவர். 1942-இல் அங்கிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். கையில் கொண்டுவந்தது ஒரு வெள்ளிக் கூஜாவும் ஒரு பேரேடும். கூஜாவை விற்றுச் சாப்பிட்டாயிற்று. பேரேடு இன்னும் கோட்டையூரில் என் பிறந்த வீட்டில் இருக்கிறது, வர வேண்டிய பாக்கிகள் அத்தனையும் அப்படியே. அந்தப் பேரேட்டைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டுதான் எனக்கு அவர் ஐந்தொகை போடச் சொல்லிக்கொடுத்தார். வரவு இத்தனை, செலவு இத்தனை, இருப்பு இத்தனை என்று மூன்றும் ஒரே தாளில் இருந்தால்தான் கணக்கு, ஒன்றை மட்டும் சொன்னால் அது வதந்தி என்பார்.

தாங்கள் டிசம்பர் 1-இல் போட்டது, மன்னிக்கவும், ஐயாவின் கணக்குப்படி வதந்தி.

கால்பந்து எனக்கு எங்கள் வீட்டுச் செட்டியாரிடமிருந்து வந்தது. அவர் கோலாலம்பூரில் பிறந்து 15 வயது வரை அங்கேயே வளர்ந்தவர். மெர்டேக்கா கோப்பை ஆட்டங்களை வேலி மேல் ஏறிப் பார்த்ததாகச் சொல்வார். ஊருக்கு வந்த பிறகும் அந்தப் பித்து விடவில்லை. எங்கள் கல்யாணம் 1973-இல். மறு வருடம் பாங்காக்கில் ஆசிய இளைஞர் கால்பந்து நடந்தது. இறுதி ஆட்டத்தில் இந்தியாவும் ஈரானும் 2-2 என்று சமன் செய்ய, கோப்பையை இரண்டு நாடுகளும் பகிர்ந்துகொண்டன. நமக்குத் தலைவர் ஷபீர் அலி. அந்தச் செய்தியைக் கத்தரித்து, வீட்டுப் பத்திரங்களோடு பெட்டகத்தில் வைத்தார். புது மருமகள் நான். இந்த வீட்டில் பெட்டகத்தில் வைக்கும் பொருள் என்றால் இதுதானா என்று அன்று நினைத்துக்கொண்டேன். அந்தத் துண்டு இன்றும் இருக்கிறது, பழுத்த பலாக்கொட்டைத் தோல் நிறத்தில். தங்கள் நாளிதழா வேறா என்று தெரியவில்லை. மேல்பகுதியைச் சேர்த்து வெட்டிவிட்டார். ஆனால் அந்தத் துண்டைப் படித்தால் யார் யாரோடு ஆடினார்கள், எத்தனை கோல் என்று வரிசையாகத் தெரிகிறது. 51 வருடம் கழித்து நான் படித்தும் புரிகிறது. டிசம்பர் 1 துண்டை இன்னும் 51 வருடம் கழித்து என் பேரன் எடுத்துப் பார்த்தால் என்ன புரியும்?

செட்டியார் ஒரு நோட்டு வைத்திருந்தார். இந்திய அணி, அதிலும் சிறுவர் அணிகள் ஆடும் ஆட்டங்களை எழுதிவைக்கும் நோட்டு. 2017-இல் 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை நம் நாட்டிலேயே நடந்தபோது எழுதிய பக்கத்தில், அமெரிக்கா 0-3, கொலம்பியா 1-2, கானா 0-4 என்று குறித்து, கீழே ஒரு வரி எழுதியிருக்கிறார்: "விருந்து வைத்தவனுக்குப் போட்ட இலை." நாம் அதில் தகுதிச் சுற்று ஆடி நுழையவில்லை, நடத்துகிற நாடு என்பதால் இடம் கிடைத்தது என்பதைத்தான் அப்படி எழுதினார். கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங் தலையால் முட்டிப் போட்ட அந்த ஒரு கோலுக்கு மட்டும் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.

மறு வருடம் மலேசியாவில் 16 வயதுக்கு உட்பட்டோர் ஆசியப் போட்டி. தம் பிறந்த மண்ணில் நடந்ததால் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வியட்நாமை 1-0 என்று வென்று, ஈரானோடும் இந்தோனேசியாவோடும் 0-0 என்று சமன் செய்து காலிறுதிக்குப் போனார்கள். தென் கொரியாவை வென்றிருந்தால் உலகக் கோப்பைக்குச் சொந்தக் காலில் போயிருப்பார்கள். 0-1. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. 2019-இல் அவர் போய்விட்டார். நோட்டில் பாதிக்கு மேல் வெற்றுத் தாள். கணக்குப் புத்தகத்தைப் பாதியில் மூடி வைக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லாததால் நான் தொடர்ந்தேன்.

இங்கே புள்ளி பற்றி ஒரு வார்த்தை. எங்கள் நகரத்தார் வழக்கில் புள்ளி என்றால் குடும்பம். கல்யாணமானதும் கணவன் மனைவி சேர்ந்து நகரக் கோயில் கணக்கில் ஒரு புள்ளி. கோயிலுக்குப் புள்ளி வரி என்று கட்டுவோம். ஒருவர் போய்விட்டால் இருப்பவர் அரைப் புள்ளி. ஆறு வருடமாக நான் அரைப் புள்ளிதான். அதனால் கால்பந்தில் வென்றால் 3 புள்ளி, சமன் என்றால் ஆளுக்கு 1 என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வென்றால் மொத்தம் மூன்று வருகிறது, சமன் என்றால் இரண்டுதான் வருகிறது. மீதி ஒன்று எங்கே போயிற்று? எந்தக் கணக்குப்பிள்ளை இதை ஒப்புக்கொள்வான்? பேரனிடம் கேட்டேன். "அதுதான் அப்பத்தா விதி" என்றான். கோல் வித்தியாசம் என்பது வட்டி மாதிரி என்று நானாகப் புரிந்துகொண்டேன். அசல் சரிசமமாக நின்றால்தான் வட்டியைப் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால், ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் விதிப்படி, புள்ளி சமமான அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்கிறார்கள். இது எனக்குப் பிடித்த விதி. இரண்டு பங்காளிக்குள் வழக்கென்றால் முதலில் அவர்களுக்குள் என்ன கொடுக்கல் வாங்கல் என்றுதானே பஞ்சாயத்துக் கேட்கும்?

சரி, இந்த வருடக் கணக்குக்கு வருகிறேன். நான்கு தகுதிச் சுற்று. நான்கையும் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

ஆகஸ்டில் 20 வயதுக்கு உட்பட்ட பெண்கள், ரங்கூனில். இப்போது யாங்கோன் என்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்த ஊருக்கு ஒரே பெயர்தான். இந்தோனேசியாவோடு 0-0. துர்க்மெனிஸ்தானை 7-0. கடைசியில் அந்த ஊர் அணியையே, அவர்கள் மைதானத்தில், அவர்கள் கூட்டத்துக்கு நடுவே 1-0. பூஜா போட்ட கோல். 8 அடித்து ஒன்றும் வாங்காமல் 7 புள்ளி. 20 வருடத்துக்குப் பிறகு ஆசியக் கோப்பைக்குப் போகிறார்கள். ரங்கூனில் விட்டுவந்த பாக்கியை நினைத்து நினைத்தே ஐயா செத்தார். இந்தப் பெண்கள் நான்கு நாளில் அங்கிருந்து ஒரு வரவு கொண்டுவந்துவிட்டார்கள். தங்கள் நாளிதழில் இந்தச் செய்தியை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பரில் 23 வயதுக்கு உட்பட்ட ஆண்கள், தோஹாவில். பஹ்ரைனை 2-0, கத்தாரிடம் 1-2 என்று தோல்வி, புரூனேயை 6-0. 9 அடித்து 2 வாங்கி 6 புள்ளி. பார்த்தால் நல்ல கணக்கு. ஆனால் குழுவில் இரண்டாமிடம். 11 குழுக்களில் இரண்டாமிடம் பிடித்தவர்களில் நான்கு அணிகளுக்குத்தான் இடம் என்றார்கள். அந்த நான்கில் நாம் இல்லை. பெட்டி கட்டிக்கொண்டு திரும்பிவிட்டார்கள்.

அக்டோபரில் 17 வயதுக்கு உட்பட்ட பெண்கள், கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கில். இதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், கொஞ்சம் பொறுங்கள்.

நவம்பரில் அகமதாபாத்தில் 17 வயதுப் பையன்கள். ஐந்து அணிக் குழு, ஒரே ஓர் அணிக்குத்தான் வழி. ஒன்பது நாடுகள் ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டதால் ஆசியா முழுவதிலும் ஏழு இடம்தான் மிச்சம், ஏழு குழு, குழுவுக்கு ஒருவர். 22-ஆம் தேதி பாலஸ்தீனத்தோடு 1-1. 26-இல் சீன தைபேயை 3-1. 28-இல் லெபனானிடம் 0-2. என் பேரனின் வீடு காரைக்குடியில். சனி, ஞாயிறுதான் பஸ் பிடித்து இங்கே வருவான். மற்ற நாட்களில் கணக்கைத் தொலைபேசியில் சொல்வான், நான் எழுதிக்கொள்வேன். லெபனான் ஆட்டம் முடிந்ததும் கூப்பிட்டு, "முடிந்தது அப்பத்தா, இனி எழுத வேண்டாம்" என்றான். நான் நோட்டைப் பார்த்தேன். முடியவில்லை. ஈரானை வென்றாக வேண்டும், சமன் உதவாது, ஆனால் கதவு சாத்தப்படவில்லை. "ஞாயிற்றுக்கிழமை வா" என்றேன். 14 வயதுப் பையன், நாள் முழுக்க இதே பேச்சாகத் திரிகிறவன், முடிந்துவிட்டது என்று நினைத்தான். ஆஃப்சைடு தெரியாத கிழவிக்கு முடியவில்லை என்று தெரிந்தது. எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் ஒரு பட்டியல்தான். அந்தச் சனிக்கிழமை இதழில் ஐந்து வரிப் பட்டியலைத் தாங்கள் போட்டிருந்தால், தமிழ்நாட்டில் எத்தனை பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு உட்கார்ந்திருப்பார்கள்?

வெற்றிலைப் பெட்டி மேல் கைபேசியைச் சாய்த்து வைத்துப் பார்த்தோம். வெளியே மழை இருட்டு. ஈரான் முதலில் கோல் போட்டது. இடைவேளைக்குச் சற்று முன் நமக்கு ஒரு பெனால்டி. டல்லால்முவோன் காங்டே அடித்தான். இடைவேளைக்குப் பிறகு குன்லெய்பா வாங்கெய்ராக்பம் இரண்டாவது கோல். (இந்தப் பெயர்களை நானும் சரியாகத்தான் எழுதுகிறேனா தெரியாது. ஆனால் கடிதம் முழுக்க ஒரே மாதிரி எழுதுவேன்.) அதற்குப் பிறகு என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து போய் வளவில், பர்மாத் தேக்குத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மழைத் தண்ணீர் முற்றத்தில் விழுகிற சத்தம் மட்டும். பிறகு பேரன் போட்ட கூச்சலில் முகப்புத் திண்ணையில் படுத்திருந்த பூனை ஓடிப்போயிற்று.

6 அடித்து 5 வாங்கி 7 புள்ளி. கையில் மிஞ்சியது ஒரே ஒரு கோல். தோஹாவில் ஏழு கோல் மிச்சம் வைத்தவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். அகமதாபாத்தில் ஒரு கோல் மிச்சம் வைத்தவர்கள் ஆசியக் கோப்பை ஆடச் சவுதிக்குப் போகிறார்கள். இதுதான் தகுதிச் சுற்று. முடிவை மட்டும் போட்டால் இந்த ருசி எப்படித் தெரியும்? பயிற்சியாளர் பிபியானோ பெர்னாண்டஸ், 2018-இல் மலேசியாவுக்குப் போன அதே ஆள். செட்டியார் எழுதிய பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது, நான் எழுதிய பக்கத்திலும் இருக்கிறது. ஈரானோடு 1974-இல் 2-2, 2018-இல் 0-0, 2025-இல் 2-1. வேறு வேறு வயதுப் பிரிவு, ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துக் கூட்டக் கூடாது என்று பேரன் சொல்கிறான். நான் கூட்டிக்கொள்கிறேன். நிலுவை தீர்ந்தது.

இப்போது பிஷ்கெக். எங்கள் வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணின் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக் கால்பந்து அணியில் இருக்கிறாள். குறுவட்டப் போட்டியில் அவர்கள் பள்ளி ஜெயித்து, அடுத்தது வருவாய் மாவட்டப் போட்டி, சிவகங்கைக்குப் போக வேண்டும். தாய் அனுப்ப மாட்டேன் என்றாள். காலையில் போய் ராத்திரி திரும்பும் பயணம், வயதுப் பெண், கால் சட்டை போட்டு ஆட வேண்டும், எல்லாம் சேர்ந்த தயக்கம். அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் கணவன் குடித்துவிட்டுக் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான்.

அது தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு. அடுப்படியில் மாவுருண்டைக்குப் பயறு வறுத்துக்கொண்டிருந்தோம். அன்றுதான் பிஷ்கெக்கில் கடைசி ஆட்டம். முதலில் கிர்கிஸ்தானை 2-1 என்று வென்றிருந்தார்கள். உஸ்பெகிஸ்தானோடு இடைவேளைக்குப் பின்னடைவில் போய், தண்டமோனி பாஸ்கே ஒன்றும், அனுஷ்கா குமாரி ஒன்றும் போட்டு 2-1. இந்தியப் பெண்கள் அணி இந்த வயதுப் பிரிவில் தகுதிச் சுற்று ஆடி ஆசியக் கோப்பைக்குப் போவது இதுவே முதல் முறை. மறுநாள் அவளிடம் சொன்னேன். உன் மகளை விட ஒரு வயதோ இரண்டு வயதோ மூத்த பிள்ளைகள், எந்த ஊர் என்றே நமக்குத் தெரியாத ஊருக்குப் போய் ஜெயித்திருக்கிறார்கள், சிவகங்கை இங்கே இருக்கிறது என்றேன். அவள் வறுக்கிற கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "பேப்பரில் போட்டிருக்கிறதா ஆச்சி?"

ஆசிரியர் ஐயா, கைபேசியில் காட்டியிருக்கலாம். ஆனால் கைபேசியில் வருவதை எங்கள் பக்கத்துச் சனம் நம்புவதில்லை. அதில் பொய்யும் வருகிறது என்று அவளுக்கே தெரியும். அவள் கணவனும் எதிர்வீட்டுக்காரரும் டீக்கடையில் விரித்துப் படிப்பது தங்கள் நாளிதழை. அதில் இருந்தால் நடந்தது, இல்லையென்றால் ஆச்சி கதை சொல்கிறாள். நான் முகப்புக்குப் போய் அன்றைய இதழை எடுத்துப் புரட்டினேன். பட்டுச் சேலை, பட்டாசு, தங்கக் காசு, இனிப்புப் பெட்டி. விளையாட்டுப் பக்கம் பாதியாகக் குறைக்கப்பட்டிருந்தது. மறுநாள் இதழிலும் பார்த்தேன். பிறகு தீபாவளி விடுமுறை. காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அந்தப் பெண் சிவகங்கைக்குப் போகவில்லை. அவள் இல்லாமல் போன அணி முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பியதாகக் கேள்விப்பட்டேன்.

ஏழு வரிக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேனே என்றால், இதற்காகத்தான்.

பக்கம் இல்லை என்று சொல்ல மாட்டீர்கள் என நினைக்கிறேன். ஏனென்றால் இரண்டு வாரம் கழித்து மெஸ்ஸி வந்தார். 13-ஆம் தேதி கொல்கத்தா, பிறகு ஹைதராபாத், மும்பை, டெல்லி. ஆட வரவில்லை, கையசைத்தார், படம் எடுத்துக்கொண்டார், போனார். கொல்கத்தாவில் அவரைச் சரியாகப் பார்க்க முடியவில்லை என்று காசு கொடுத்து வந்த கூட்டம் நாற்காலிகளைப் பிடுங்கி மைதானத்துக்குள் எறிந்தது. மூன்று நாளும் தங்கள் நாளிதழில் முழுப் பக்கம், வண்ணத்தில். மெஸ்ஸி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் பேரன் சட்டையின் முதுகிலும் 10 தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்தில் அந்தக் கொல்கத்தா மைதானத்தின் பெருமையை விவரித்து ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்களே, அதைப் படித்துத்தான் எனக்குக் கோபம் வந்தது. பீலே வந்தது இருந்தது, மரடோனா வந்தது இருந்தது. 2017-இல் 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் அங்கேதான் 66,000 பேருக்கு மேல் பார்க்க நடந்தது, இங்கிலாந்து ஸ்பெயினை 5-2 என்று வென்றது, அது இல்லை. 2022 செப்டம்பரில் டுராண்ட் கோப்பை இறுதி ஆட்டத்தில், அதே மைதானத்தில், பெங்களூரு அணிக்கு முதல் கோல் போட்ட பையன் சிவசக்தி நாராயணன், எங்கள் கண்டனூர்ப் பிள்ளை. பள்ளத்தூரிலிருந்து பஸ் ஏறினால் வெற்றிலை மென்று முடிப்பதற்குள் வந்துவிடுகிற ஊர். சிவகங்கை மாவட்டப் பதிப்பிலாவது அந்த ஒரு வரி இருக்க வேண்டாமா?

இதைப் படித்துவிட்டுச் சிவசக்தியைப் பற்றி ஒரு முழுப் பக்கக் கட்டுரை போட்டுவிடாதீர்கள். நான் கேட்பது அது இல்லை. அவன் புகழ் அவன் பார்த்துக்கொள்வான். அவன் ஆட வேண்டிய இந்தியன் சூப்பர் லீக்கே இந்தப் பருவத்தில் இன்னும் தொடங்கவில்லை என்பது வேறு சங்கடம்.

நான் கேட்பது ஒரு கட்டம். தினமும் பஞ்சாங்கத்துக்கு ஒதுக்குகிறீர்களே, ராகு காலம், எமகண்டம், அந்த அளவுக் கட்டம் போதும். தகுதிச் சுற்று நடக்கிற நாட்களில் மட்டும், குழுவில் இருக்கிற அணிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக. ஆடியது, வென்றது, சமன், தோற்றது, அடித்த கோல், வாங்கிய கோல், புள்ளி. அடியில் அடுத்த ஆட்டம் என்றைக்கு, யாரோடு என்று ஒரு வரி. ஐ.பி.எல். சமயத்தில் இதைப் போடத் தங்களுக்குத் தெரிகிறது. 10 அணிக்குப் போட முடிந்தவர்களுக்கு 5 அணிக்குப் போடுவது பெரிய காரியமில்லை. பையன்களுக்குப் போடுவது போலவே பெண்களுக்கும் போட வேண்டும். வேலைக்கு வரும் பெண் மறுபடி கேட்டால் விரித்துக் காட்ட என் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

தகுதிச் சுற்று முடிந்துவிட்டதே, இனி எதற்கு என்று நினைக்க வேண்டாம். ஏப்ரலில் 20 வயதுப் பெண்கள் தாய்லாந்துக்குப் போகிறார்கள். மே மாதத்தில் 17 வயதுப் பெண்கள் சீனாவிலும் பையன்கள் சவுதியிலும். பையன்கள் காலிறுதி வரை போய்விட்டால் உலகக் கோப்பைக்கு வழி திறக்கிறது, இந்த முறை யாரும் இலை போட்டு அழைக்காமலே. அதற்கடுத்த வருடத்துக்கான தகுதிச் சுற்றும் வரும். 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை இப்போது வருடா வருடம் நடக்கிறது என்று பேரன் சொன்னான். அவன் 2011-இல் பிறந்தவன் என்பதையும், நான் கேட்காமலே, அதே மூச்சில் சொன்னான்.

செட்டியாரின் நோட்டில் இன்னும் 31 பக்கம் இருக்கிறது. தங்கள் வசதிக்காக அகமதாபாத் குழுவின் பட்டியலைத் தனித் தாளில் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு எழுதி, இத்துடன் இணைத்திருக்கிறேன். ஈரான் வரியில் ஓர் அடித்தல் இருக்கும். தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற கையால் எழுதியது. அச்சுக் கோக்கும்போது திருத்திக்கொள்ளவும்.

இப்படிக்கு,
பள்ளத்தூரிலிருந்து ஒரு வாசகி